யனாகா - நெஸு டூர் பத்தின புகார்: பாதி இடம் மூடியிருக்குற திங்கக்கிழமையில ஏன் கூட்டிட்டுப் போனீங்க?

டூர் ஆபீஸ் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். போன நவம்பர்ல உங்க ஜப்பான் குரூப் டூர்ல நானும் எங்க அம்மாவும் வந்திருந்தோம். மத்த நாளெல்லாம் பெருசா குறை இல்ல, ஹோட்டல் நல்லாவே இருந்துச்சு, சாப்பாடும் பரவாயில்ல. இந்த லெட்டர், "பழைய டோக்கியோ: கோயிலும் கடைத்தெருவும், முழு நாள்"னு போட்டு ஆளுக்கு 9,000 ரூபாய் தனியா வாங்குனீங்களே, அந்த ஒரு நாளைப் பத்தி மட்டும்தான்.

அந்த நாளுக்காகத்தான் இந்த டூரையே எடுத்தோம் சார். டோக்கியோவுல 1923 பூகம்பத்துலயும் அப்புறம் ரெண்டாம் உலகப் போர்ல விழுந்த குண்டுலயும் பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, அதுல ஓரளவு தப்பிச்சு நிக்குற ஏரியாங்கள்ல யனாகாவும் ஒண்ணு. 1657ல பெரிய தீ விபத்து நடந்ததுக்கு அப்புறம் நெறைய புத்தர் கோயில்கள இந்தப் பக்கம் மாத்தினாங்க, இன்னைக்கும் சந்துக்கு ஒரு கோயில் இருக்கு, அதுக்கு நடுவுல மர வீடு, சின்னச் சின்ன கடை. அம்மாவுக்கு கைவேலைன்னா உயிரு, 1864ல இருந்து மரக்கட்டை அச்சு வச்சு வண்ணக் காகிதம் போடுற இசெதாட்சு கடைய நேர்ல பாக்கணும்னு கெளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிட்டு இருந்தாங்க.

நீங்க கூட்டிட்டுப் போனது திங்கக்கிழமை. ஜப்பான்ல அரசு மியூசியம் பெரும்பாலும் திங்கக்கிழமை லீவுன்னு டூர் நடத்துறவங்களுக்குத் தெரியாம இருக்குமா? உங்க லிஸ்ட்ல இருந்த அசகுரா சிற்ப மியூசியம் மூடியிருந்துச்சு. 1910ல கட்டின பழைய யோஷிதாயா சாராயக் கடை, இப்ப மியூசியமா வச்சிருக்காங்க, அதுவும் மூடி, கண்ணாடி வழியா பெரிய பெரிய ஜாடியைத்தான் எட்டிப் பாத்தோம். யூயாகே டான்டான் படி எறங்கி யனாகா கின்சா கடைத்தெருவுக்குள்ள போனா அங்கயும் பாதி கடைக்கு ஷட்டர் எறக்கியிருக்கு. அந்தத் தெருவே ஒரு 170 மீட்டர்தான் வரும், அதுல திறந்திருந்த கடையிலயாவது நிக்க விட்டிருக்கலாம். ஒரு கடை வாசல்ல சென்பேவ (அரிசியில செய்யுற மொறுமொறு பிஸ்கட்) கம்பி வலை மேல வச்சு திருப்பித் திருப்பி சுட்டு, சூடு எறங்குறதுக்குள்ள பிரஷ்ல சோயா சாஸ் தடவிட்டு இருந்தாங்க, அந்த வாசனைக்கே மொத்த குரூப்பும் நின்னுடுச்சு. கைட் "டைம் ஆச்சு, டைம் ஆச்சு"ன்னு கொடிய ஆட்டிக்கிட்டே முன்னாடி போயிட்டாரு, காசு குடுத்து ஒண்ணு வாங்கக்கூட விடல.

காகிதக் கடை திறந்துதான் இருந்துச்சு. அம்மா உள்ள போயி ஒரு தாள கையில எடுத்தாங்க, நீலத்துல வெள்ளை அலை அலையா போட்டு, கிட்ட வச்சுப் பாத்தா ஒவ்வொரு நிறமும் தனியா அச்சு விழுந்த ஓரம் தெரியுது, அப்பதான் விலை கேக்க வாய் திறந்தாங்க, கைட் வந்து "இதே மாதிரி டேக்ஸ் ஃப்ரீ கடையில சீப்பா கிடைக்கும் வாங்கம்மா"ன்னு வெளிய கூட்டிட்டு வந்துட்டாரு. கிடைக்கல சார். அந்த டேக்ஸ் ஃப்ரீ கடையில சாக்லேட்டும் ஃபேஸ் கிரீமும் மேக்னெட்டும்தான் இருந்துச்சு. உங்க ப்ரோஷர்ல அந்தக் கடை பேரே கிடையாது, ஆனா அங்க மட்டும் ஒண்ணரை மணி நேரம் உக்கார வச்சீங்க.

இதுல எனக்கு ரொம்ப மனசு வலிச்சது நெஸு கோயில். அந்தக் காலத்துல ஜப்பான ஆண்ட அஞ்சாவது ஷோகுன் (ராணுவத் தலைவர்) தோகுகவா சுனயோஷி 1706ல கட்டினது, மெயின் கட்டடம், வாசல் கோபுரம், சுத்து மரச்சட்ட வேலின்னு ஏழு அமைப்பு அப்படியே பொழைச்சு நின்னு தேசிய முக்கியப் பண்பாட்டுச் சொத்தா இருக்கு. அங்க எங்களுக்குக் குடுத்தது இருபது நிமிஷம். கை கழுவுற தொட்டிகிட்ட க்யூவுல நின்னு, எப்படி கும்புடணும்னு பக்கத்துல ஒரு ஜப்பான் பாட்டியப் பாத்து நாங்களா கத்துக்கிட்டு (ரெண்டு தடவ குனிஞ்சு, ரெண்டு தடவ கைதட்டி, திரும்ப ஒரு தடவ குனியணும்) முடிக்கிறதுக்குள்ள டைம் போச்சு. இத சொல்லிக் குடுக்கத்தானே கைட்? உள்ளயே இருக்குற ஒதோமே இனாரிங்கற சின்னக் கோயில் பக்கம் போற செவப்பு தோரி (மர வாசல் வளைவு) வரிசை ரொம்ப தாழ்வா இருக்கும், படியும் உண்டு, வயசானவங்க மெதுவாதான் ஏறணும். அம்மா பாதி வரைக்கும் போனாங்க, கீழ இருந்து விசில் அடிச்சு கூப்பிட்டாங்க. கோயிலுக்குள்ள விசில் அடிக்கலாமா சார்? சாமி கும்புட்டுட்டு இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

இன்னொண்ணு, உங்க ப்ரோஷர்ல அந்தக் கோயில் படத்துல மலைச் சரிவு முழுக்க அசேலியா பூ பூத்திருக்கு. அது ஏப்ரல்ல பூக்குறது. நவம்பர் டூருக்கு அந்தப் படத்தப் போட்டு விக்கிறது தப்பு, எங்க குரூப்ல பல பேர் பூ எங்கன்னு தேடுனாங்க.

கஸ்டமர் கேருக்கு போன் பண்ணா "இட்டினரரி மாறலாம்னு கண்டிஷன்ல இருக்கு"ன்னு சொல்றாங்க. மழை பேஞ்சு மாத்துனா சரி, ட்ரெயின் நின்னு மாத்துனா சரி. திங்கக்கிழமைங்கறது திடீர்னு வந்த விஷயமா சார்?

நான் கேக்குறது இதுதான். அந்த நாளுக்கு வாங்குன காசுல பாதிய ரெண்டு பேருக்கும் சேத்து 9,000 ரூபாயா திருப்பிக் குடுங்க. இந்த டூர திங்கக்கிழமையில வைக்காதீங்க, செவ்வாய்க்கிழமையும் லீவு விடுற கடைங்க அங்க உண்டு, அதையும் பாத்து நாள் போடுங்க. டேக்ஸ் ஃப்ரீ கடைக்குப் போறதா இருந்தா ப்ரோஷர்லயே எழுதுங்க, வேணாங்கறவங்கள கோயில்லயே விட்டுட்டுப் போங்க. பூப்படத்த அடுத்த பேட்ச் புக்கிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.

பில், ப்ரோஷர், மூடியிருந்த இடங்களோட போட்டோ, எல்லாம் இதோட இணைச்சிருக்கேன், போட்டோவுலயே தேதியும் நேரமும் இருக்கு. பதில போன்ல சொல்லாம எழுத்துல குடுங்க. பதினஞ்சு நாள்ல வரலன்னா நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல மனு போடப் போறேன்.

இப்படிக்கு,
நவம்பர் பேட்ச்ல அம்மாவோட வந்த உங்க கஸ்டமர்