விசில் ஊதியதற்கு அப்புறம்

டோர்ட்முண்ட்,
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து, உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றீர்கள். விசில் ஊதியதும் எல்லோரையும் நேராக டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டீர்கள். கேலரியில் இருந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்து போனார்கள். "நாங்கள் செய்தது தப்பா அக்கா? அங்கெல்லாம் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். சம்பளம் வாங்கி ஆடும் கால்பந்து அணியில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே உனக்கு இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். போனில் சொன்னால் பாதிதான் சொல்ல முடியும். அதனால் எழுதுகிறேன்.

நீ டிவியில் ஜெர்மனி ஆட்டம் பார்க்கும்போது விசில் ஊதியதும் விளம்பரம் வந்துவிடும், இல்லையா? அதற்கு அப்புறம் நடப்பதுதான் எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த விஷயம்.

என் வார்டில் ஒரு மூத்த நர்ஸ் இருக்கிறார். நான் வந்த புதிதில் பாஷை தெரியாமல் விழித்தபோது பக்கத்தில் நின்று எல்லாம் சொல்லிக் கொடுத்தவர். இருபது வருஷத்துக்கு மேலாக டோர்ட்முண்ட் அணியின் மைதானத்தில் தெற்கு கேலரிக்கு சீசன் டிக்கெட் வைத்திருக்கிறார். போன வருஷம் அவருடைய கணவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதால், கணவருடைய இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்ட டிக்கெட்டே ரயில் டிக்கெட்டாகவும் செல்லும். பெட்டி முழுக்க மஞ்சள் சட்டை. எனக்கும் ஒரு மஞ்சள் கழுத்துத் துணி கட்டிவிட்டார்.

மைதானம் 81,000 பேருக்கு மேல் கொள்ளும். அதில் தெற்குப் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 25,000 பேர், எல்லோரும் நின்றுகொண்டு. மஞ்சள் சுவர் என்று பேர். ஐரோப்பாவிலேயே இதைவிடப் பெரிய நின்று பார்க்கும் கேலரி கிடையாது. கீழே நின்று நிமிர்ந்து பார்த்தேன், உச்சியில் இருப்பவர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள்.

அன்றைக்கு ஜெயித்தார்கள். விசில் ஊதியதும் நான் பையை எடுத்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து, "எங்கே போகிறாய்? இன்னும் முடியவில்லை" என்றார். சுற்றிலும் பார்த்தேன், ஒருத்தர்கூட நகரவில்லை. ஆட்டக்காரர்கள் எதிரணியோடு கை குலுக்கினார்கள், தண்ணீர் குடித்தார்கள், புல்லில் இரண்டு நிமிஷம் படுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். ஒரே வரிசை. பெஞ்சில் இருந்தவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். வரிசை மெதுவாக எங்களைப் பார்த்து நடந்து வந்தது. எங்கள் பக்கம் இருந்த 25,000 பேரும் அடிவயிற்றிலிருந்து ஒரே சுரத்தில் "ஓ..." என்று ஆரம்பித்தார்கள். வரிசை கிட்டே வர வர அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. கடைசிப் பத்து அடியை ஓடி வந்து, பிடித்த கைகளை அப்படியே மேலே தூக்கினார்கள். அந்த நேரத்தில் வந்த சத்தத்தை என் நெஞ்செலும்பில் உணர்ந்தேன்.

அவ்வளவுதான். பரிசு இல்லை, பேச்சு இல்லை. கோல் கீப்பர் மட்டும் கிளவுஸைக் கழற்றி, வேலியோரம் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் எறிந்தார். அந்தப் பையன் அதைக் கையில் மாட்டிப் பார்த்தான், முழங்கை வரை வந்தது. வீடு போகும்வரை கழற்றவில்லை. எங்கள் ரயில் பெட்டியில்தான் இருந்தான்.

சரி, ஜெயித்த நாளில் இதெல்லாம் சுலபம் என்று நீ சொல்வாய். நானும் அதைத்தான் நினைத்தேன். இரண்டாவது தடவை போனபோது தோற்றார்கள், அதுவும் மோசமாக. விசில் ஊதியதும் கேலரியிலிருந்து ஊளை. எனக்கே கூசியது. ஆட்டக்காரர்கள் நடு மைதானத்தில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார்கள். அப்புறம் வந்தார்கள் தம்பி. கை கோக்கவில்லை, ஓடவில்லை. பெனால்டி பாக்ஸ் கோட்டுவரை வந்து வரிசையாக நின்றார்கள். கைகளைத் தலைக்கு மேலே தூக்கி எங்களைப் பார்த்துத் தட்டினார்கள். ஊளை நிற்கவில்லை. அவர்களும் போகவில்லை. ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு ஒரு மூலையில் யாரோ பாட ஆரம்பித்தார்கள், பாட்டு பரவியது, ஊளை அடங்கியது. பக்கத்தில் இருந்த அம்மா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர், கையை அவிழ்த்துத் தட்டினார். "ஆட்டம் மகா மட்டம். ஆனால் வந்து நின்றார்கள் பார்" என்றார்.

அன்று ரயிலில் அவர் சொன்ன கதை உனக்காகவே சொன்ன மாதிரி இருந்தது. 2015 பிப்ரவரியில் இந்த அணி லீக்கில் கடைசி இடத்தில் இருந்தது. அதற்கு முந்தைய நாலு சீசனில் இரண்டு தடவை சாம்பியன், இரண்டு தடவை இரண்டாம் இடம். அப்படிப்பட்ட அணி சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க்கிடம் 1-0 என்று தோற்றது. கேலரி கொதித்தது. அப்போது கோல் கீப்பர் வைடன்ஃபெல்லர் நேராகத் தெற்குக் கேலரிக்குப் போய், வேலிமேல் ஏறி, ரசிகர்களோடு பேசினார். கேப்டன் ஹும்மெல்ஸும் ஏறினார். ரசிகர்கள் திட்டினார்கள், இவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அந்த சீசனை ஏழாவது இடத்தில் முடித்தது அணி. வேலி ஏறியதால்தான் மேலே வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபமாக இருந்தவர்களின் முகத்துக்கு நேரே போனது ஒரு கோல் கீப்பர். நீயும் கோல் கீப்பர்தான்.

இன்னொன்று நீயே டிவியில் பார்த்திருப்பாய். 2023 மே 27, சீசனின் கடைசி ஆட்டம். மைன்ஸ் அணியை ஜெயித்தால் சாம்பியன், 2012க்கு அப்புறம் முதல் தடவை. 2-2 என்று டிரா ஆனது. அதே நேரத்தில் பேயர்ன் மியூனிக் 89வது நிமிஷத்தில் கோல் அடித்து ஜெயித்து, புள்ளி சமமானதால் கோல் வித்தியாசத்தில் கோப்பையைக் கொண்டுபோய்விட்டது. கோச் டெர்சிச் தன்னந்தனியாக மஞ்சள் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணீர் வழிகிறது, துடைத்தாலும் நிற்கவில்லை. 25,000 பேர் அவரைப் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த அம்மாவும் அதில் ஒருவர். "அவர் எங்களுக்கு நன்றி சொன்னாரா, நாங்கள் அவருக்குச் சொன்னோமா, தெரியவில்லை" என்றார்.

எனக்கு மிகவும் பிடித்தது 2020இல் நடந்தது. கொரோனா காலம், ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. மே 16ஆம் தேதி பக்கத்து ஊர் ஷால்காவோடு ஆட்டம். சாதாரண நாளில் அந்த ஆட்டத்துக்கு ஊரே நடுங்கும். 4-0 என்று ஜெயித்தார்கள். விசில் ஊதியதும், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, காலியான தெற்குக் கேலரிக்கு முன்னால் போய் வரிசையாக நின்று கையைத் தூக்கினார்கள். எதிரே வெறும் கம்பியும் படிக்கட்டும். வீட்டில் டிவி முன்னால் இருந்த அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டாராம். யாரும் இல்லாத இடத்துக்கே வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்றால், ஆள் நிறைந்த கேலரியை விட்டுவிட்டு நாம் உள்ளே போகலாமா?

பரிசு கொடுப்பதும் உண்டு, அதைத் தப்பு என்று சொல்லவில்லை. மார்கோ ராய்ஸ் இந்த ஊரிலேயே பிறந்தவர், பெரிய பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் போகாமல் 12 வருஷம் இங்கேயே ஆடினார். 2024 மே மாதம் டார்ம்ஸ்டாட்டோடு கடைசி லீக் ஆட்டம். அன்றைக்கு மைதானத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தன் கைக்காசில் பீர் வாங்கிக் கொடுத்தார். 80,000 பேருக்கு! அந்த ஆட்டத்தில் ஃப்ரீ கிக்கில் ஒரு கோலும் அடித்தார். ஆனால் ஊரில் இன்றும் பேசுவது, கடைசியில் அவர் அந்தச் சுவருக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்பதைத்தான். பேயர்ன் மியூனிக்கில் 12ஆம் எண் சட்டையை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுப்பதில்லை, பதினோரு பேருக்கு அடுத்த பன்னிரண்டாவது ஆள் என்று அது ரசிகர்களுடையது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் சியாட்டில் அணி 1984லேயே 12ஆம் எண்ணை ரசிகர்களுக்கென்று ஒதுக்கிவிட்டது. அதே ஆட்டத்தில் கிரீன் பே அணியில், பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் அடித்தவர் சுவரேறி ரசிகர்கள் மடியிலேயே விழுவார். 1993 டிசம்பரில் லீராய் பட்லர் முதலில் செய்தது, இன்றும் நடக்கிறது.

பெர்லினில் யூனியன் என்று ஒரு கிளப். 2008-09இல் அவர்கள் மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் போதவில்லை. 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் வந்து சிமெண்ட் சுமந்து, கம்பி கட்டி, கேலரியைத் தங்கள் கையாலேயே எழுப்பினார்கள். 2019இல் அந்த அணி முதல் தடவையாக முதல் டிவிஷனுக்கு வந்தது. முதல் ஆட்டத்தன்று, இந்த நாளைப் பார்க்காமலே செத்துப்போன ரசிகர்களின் படங்களைச் சொந்தக்காரர்கள் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா, தாத்தா, நண்பன். அன்று 4-0 என்று தோற்றார்கள். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

இங்கே பெரும்பாலான கிளப்புகளில் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்பது லீக்கின் விதி. டோர்ட்முண்டுக்கு மட்டும் 2,00,000 உறுப்பினர்களுக்கு மேல். அதனால் கேலரியில் நிற்பவர் வெறும் டிக்கெட் வாங்கிய ஆள் இல்லை, வீட்டுக்காரர். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் யாராவது கிளம்புவார்களா? உங்கள் கிளப்பில் அப்படி விதி இல்லாமல் இருக்கலாம். வருகிறவர்கள் மனசில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நர்ஸ் என்பதால் ஒன்று என் மனசை விட்டுப் போவதில்லை. 2016 மார்ச் 13, இதுவும் மைன்ஸோடுதான். கேலரியில் இரண்டு பேருக்கு மாரடைப்பு, ஒருவர் இறந்துவிட்டார். செய்தி பரவியதும் பாட்டும் கொட்டும் அப்படியே நின்றுபோனது. அவ்வளவு பெரிய மைதானம் ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிட்டதாம். ஆட்டக்காரர்களுக்கு முதலில் விஷயமே புரியவில்லை. 2-0 என்று ஜெயித்தும் யாரும் துள்ளவில்லை. தெற்குக் கேலரிக்கு முன்னால் தோள்மேல் கை போட்டு வரிசையாக நின்றார்கள், மைதானமே எழுந்து பாடியது. முகம் தெரியாத ஒரு ரசிகருக்காக.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தப்பா என்று கேட்டாய். ஆமாம் தம்பி, தப்புதான். ஆனால் உன் தப்பு மட்டும் இல்லை. உள்ளே போகச் சொன்னவர்கள் உங்களுக்கு அவமானம் வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். கேப்டனிடம் பேசு. அடுத்த ஆட்டம் எப்படி முடிந்தாலும் சரி, எல்லோரும் கேலரி பக்கம் போங்கள். தோற்றிருந்தால் ஓட வேண்டாம், சிரிக்க வேண்டாம், கை கோக்கவும் வேண்டாம். கோட்டுக்குக் கிட்டே போய் நின்று, முகத்தைப் பார்த்துக் கை தட்டுங்கள். திட்டினால் திட்டட்டும், ஒரு நிமிஷம் நில்லுங்கள். யாரும் வராவிட்டால் நீ மட்டுமாவது போ. கோல் கீப்பர் நிற்கிற இடம்தான் கேலரிக்கு மிகக் கிட்டே, உனக்கு நடக்க வேண்டிய தூரமும் குறைவு.

பழைய கிளவுஸ் இருந்தால் ஒரு ஜோடி பையில் வைத்துக்கொள். முன் வரிசையில் எப்போதும் ஒரு சின்னப் பையனோ பொண்ணோ இருக்கும்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல், குளிருக்கு நல்ல கோட்டும் வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் முழுக்கப் பகல் டூட்டிதான், சனிக்கிழமை உன் ஆட்டம் முடிகிற நேரத்துக்கு போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். டிரெஸ்ஸிங் ரூமுக்கு வந்ததும் உடனே கூப்பிடாதே. முதலில் கேலரிக்குப் போய்விட்டு வந்து கூப்பிடு.

அன்புடன்,
அக்கா