இங்கிலாந்தின் ஸ்கார்பரோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "இருக்கிறாயா, இல்லையா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன், நன்றாகவே இருக்கிறேன். வேலைதான் நேரத்தைத் தின்கிறது. இங்கேயும் சூரியன் கடலில்தான் உதிக்கிறது. உதித்து என்ன, காது மடல் விறைத்துப்போகிற குளிர்.

கீழ் வீட்டுத் தாத்தா, அதுதான் மழையிலும் பை நிறையக் கல் பொறுக்கி வருவாரே, அவர் ஒரு ஞாயிறு ரோட்டண்டா மியூசியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கடற்கரைக்குப் பக்கத்திலேயே, நம் பெரியப்பா வீட்டு நெல் குதிர் மாதிரி உருண்டையாக நிற்கிறது. 1829-இல் திறந்தார்களாம். வட்டமாகக் கட்டச் சொன்னவர் வில்லியம் ஸ்மித். எந்தப் பாறை அடுக்கு முந்தியது, எது பிந்தியது என்று அதில் புதைந்த சிப்பி, சங்கை வைத்தே சொன்ன மனிதர். 1815-இல் நாட்டுக்கே பாறை வரைபடம் போட்டார். அந்தக் கல்லாய்ப்போன சிப்பி, சங்குகளை அதே வரிசையில், பழையது கீழே, புதியது மேலே என்று சுவரைச் சுற்றி அப்போது அடுக்கியிருந்தார்களாம். குவிமாடத்துக்குக் கீழே இந்தக் கடற்கரையின் பாறை அடுக்குகள் ஓவியமாக ஓடுகின்றன. அது ஸ்மித்தின் சகோதரி மகன் ஜான் பிலிப்ஸின் கைவண்ணத்தில் வந்தது. தாய் தகப்பனை இழந்த அந்தப் பையனை வளர்த்து ஆளாக்கியது தாய்மாமன்தான். அந்த மாமனோ 1819-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனவர். பிறகு ஹாக்னஸ் பண்ணையில் அவருக்கு வேலை கொடுத்த முதலாளி ஜான்ஸ்டன்தான் இந்தக் கட்டடத்துக்குக் கல்லும் கொடுத்தார். சரி, கடன் கதை நமக்கெதற்கு.

உள்ளே ஓர் எலும்புக்கூடும் இருக்கிறது. ஓக் மரத்தைக் குடைந்து அதற்குள் வைத்துப் புதைத்த ஆள், 1834-இல் தோண்டி எடுத்தார்களாம். மரச்சாறு ஊறி எலும்பெல்லாம் கன்னங்கரேல். நாலாயிரம் வருஷமாகியும் சொந்த ஊர்ப்பக்கத்திலேயே கிடக்கிறார், கொடுத்துவைத்தவர். வெளியே வந்தால் கடல். கருவாட்டு வாசனையே இல்லை அக்கா. அம்மா திண்ணையில் மீன் அரிகிற சத்தம் கேட்காதா என்றிருந்தது.

பாப்பாவுக்குத் தையில் காது குத்து என்கிறாய். சித்திரைக்குத் தள்ள முடியுமா என்று அத்தானிடம் கேள், அப்போது லீவு சுலபம். முடியாவிட்டால் சித்தப்பா பையன் மடியில் உட்காரவை. ஆனால் தோடு என்னுடையதுதான், வேறு யாரும் வாங்கக் கூடாது. இந்த மாதம் பணம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. அப்பாவிடம் சொல்லாதே. வீட்டு வரி ரசீதைப் பீரோவில் பூட்டி வை. மழைக்கு முன் பின்கட்டு ஓடுகளை மாற்றச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி