ஜாஸ் குழுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஜாஸ் குழுவில் சேர்ந்த பிள்ளை பாட்டு எதுவும் வாசிக்காமல் வீட்டில் கீச்சுக்கீச்சென்று ஊதுகிறானே என்று கேட்பவர்களுக்காக இந்தக் கடிதம். அந்தக் கீச்சும் பாடத்தில் சேர்ந்ததுதான். ஆனால் எல்லாக் கீச்சும் அல்ல.

நம் பக்கம் ஜாஸ் என்றாலே டிரம்ஸ் செட்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜாஸ் என்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்த கூட்டிசை. இசைத்தட்டில் முதலில் பதிவானது 1917-இல். டிரம்பெட் மெட்டைச் சொல்லும், கிளாரினெட் அதற்கு மேலே கொடி போலப் பின்னும், டிரோம்போன் கீழே நின்று தாங்கும். நம் குழுவில் இந்த மூன்றோடு கிடார், கீபோர்டு, டிரம்ஸ், பாஸுக்கு (கீழ்ச்சுருதிக்கு) யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் என்று மொத்தம் ஏழு பேர். பேண்டு செட் வாசிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாதிக் கருவிகள் ஏற்கெனவே பழக்கம்.

வாசிக்கும் கட்டமைப்பு 12 பார் புளூஸ், அதாவது 12 பார் (தாளச் சுற்றின் சிறு பங்கு) கொண்டு திரும்பத் திரும்ப வரும் சுற்று. ஆறரைக் கட்டையை ஸ என்று வைத்துக்கொண்டால் 4 பார் ஸ, 2 பார் ம, 2 பார் ஸ, பிறகு ப ஒன்று, ம ஒன்று, கடைசி இரண்டும் ஸ. பாருக்கு 4 அடி. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு சுற்று 24 வினாடி. ஸ்விங் என்ற, நீளமும் குட்டையுமாக ஊசலாடும் ஜாஸ் நடை வராத பிள்ளைக்குத் ‘தகிட’ சொல்லிக் கொடுங்கள்: முதல் இரண்டெழுத்தும் சேர்ந்து ஒரு நீண்ட ஒலி, மூன்றாவது குட்டை.

டிரம்பெட், கிளாரினெட் தாள்களில் ‘சி’ என்று எழுதியிருப்பது ஒலிப்பில் பி பிளாட். அந்தத் தாளைக் கீபோர்டுக்காரர் எடுத்துவிட்டால் எல்லாம் ஒரு முழு ஸ்வரம் மேலே போய்விடும். ஆகவே ஒருவர் தாளை மற்றவருக்கு நகலெடுத்துத் தர வேண்டாம்.

நான்கு சுற்று முடிந்ததும் மூன்று நிமிடம் தாளமும் சுருதியும் கட்டாத திறந்த பகுதி. இதைப் பார்த்துத்தான் பலருக்கும் கவலை. பழையதைத் தெரியாதவர்கள் செய்யும் வேலை என்று எண்ண வேண்டாம். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஸ்டீவ் லேசி, ராஸ்வெல் ரட் இருவரும் பழைய பாணி ஜாஸில் தொடங்கித்தான் கட்டற்ற வாசிப்புக்குப் போனார்கள். லண்டன் டிரம்மர் ஜான் ஸ்டீவன்ஸ் கற்பித்த இரண்டு பயிற்சிகளை இங்கே செய்கிறோம். ஒன்று, ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை இழுப்பது. இன்னொன்று, கருவியில் வரக்கூடிய மிகக் குட்டையான ஒலியை மட்டும் அவரவர் வேகத்தில் எழுப்புவது. இரண்டிலும் அடுத்தவர் ஒலி தன் காதில் விழாத அளவுக்கு யாரும் உரக்க ஊதக் கூடாது.

கெடுவதும் இங்கேதான். மௌனத்துக்குப் பயந்து ஏழு பேரும் ஒரே நேரத்தில் புகுந்துவிடுகிறார்கள். அதனால் ஒரு சமயத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கிறோம். டிரம்ஸ் சீரான அடி பிடித்தால் மற்றவர்களும் தன்னை அறியாமல் கால் ஒத்து நடப்பார்கள், திறந்த பகுதி அணிவகுப்பாகிவிடும். திரும்பி வருவது எல்லாவற்றிலும் கடினம். கையைத் தூக்கிக் காட்டினால் கண்மூடி வாசிப்பவருக்குத் தெரியாது. எனவே டிரம்பெட் ஒரு சிறு சொற்கட்டை மூன்று முறை சொல்லும்; இரண்டாவதில் டிரம்ஸ் சேரும்; மூன்றாவது முடிந்ததும் எல்லோரும் முதல் பார். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை முடிந்து எடுப்பில் விழுவதைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

இனி வீட்டுக் கீச்சு. “அதையே மறுபடி ஊது” என்று கேளுங்கள். அதே ஒலி வந்தால் பாடம். வராவிட்டால் பழுது. கிளாரினெட் என்றால்: விரல் துளையை முழுதாக மூடவில்லை, ரீட் (வாய்த்துண்டில் கட்டும் மெல்லிய நாணல் பட்டை) நகர்ந்திருக்கிறது அல்லது நுனி உடைந்திருக்கிறது, அல்லது பிள்ளை கடித்து ஊதுகிறது. 2-ஆம் எண் ரீட் மூன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும். வாசித்ததும் கழற்றித் துடைத்துத் தட்டையாக வையுங்கள். இடவப்பாதி மழையில் ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காய வைத்தால் வளையும். டிரம்பெட் வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழியில் உறைந்து வால்வு ஒட்டிக்கொள்ளும். வால்வு எண்ணெய் பள்ளியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டிரம்பெட்டைக் கழுவுவதானால் வெதுவெதுப்பான நீர் போதும், கொதிநீர் மேற்பூச்சைக் கெடுக்கும். ஊதும் வாய்த்துண்டை உடன்பிறந்தவரோடும் பகிர வேண்டாம்.

காது விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். பெரியவர்களின் வேலையிடத்துக்கே 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம், 100 டெசிபல் என்றால் 15 நிமிடம் என்று அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. சிறிய அறையில் டிரம்பெட்டும் டிரம்ஸும் சேர்ந்தால் சத்தம் எளிதில் அந்த 100 டெசிபலை எட்டும். எனவே கதவு திறந்திருக்கும், டிரம்ஸுக்குக் குச்சிக்குப் பதில் பிரஷ், கால் மணிக்கொரு முறை ஓய்வு. வீட்டில் தினம் 20 நிமிடம் போதும்.

பயிற்சி புதன், வெள்ளி மாலை 4 முதல் 5.15 வரை. வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பஸ்ஸில் போகும் பிள்ளைகளை 5 மணிக்கே விடுவோம். சம்மதத் தாளில் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருந்தால் அதையும் அதில் எழுதுங்கள், ஊதும் கருவியை மாற்றித் தர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்