அப்பத்தாவுக்கு, ஏஞ்சலஸ் நகரிலிருந்து

ஏஞ்சலஸ் நகரம், பம்பாங்கா
பிலிப்பைன்ஸ்
டிசம்பர் 22

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

இங்கு நான் நலம். உன் நலமும் வீட்டில் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். தங்கச்சி இதை உனக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்ட வேண்டும். போனில் நீ கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "என்ன சாப்பிட்டாய்?" நானும் "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன். இன்று கல்லூரி விடுமுறை. முழுப் பதிலையும் எழுதிவிடுகிறேன்.

இந்த ஊர் மணிலாவுக்கு வடக்கே, பஸ்ஸில் இரண்டு மணி நேரப் பயணம். மாகாணத்தின் பெயர் பம்பாங்கா. 'பம்பாங்' என்றால் ஆற்றங்கரை. இங்குள்ளவர்கள் கபம்பாங்கன் மக்கள். அவர்கள் பேச்சும் தனிப் பேச்சு. மணிலாப் பக்கத்து மொழியான தகாலோக்கில் பேசினால் பதில் சொல்வார்கள். 'டாகல் ஆ சலாமத்' என்று அவர்கள் மொழியிலேயே நன்றி சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அக்காவை ஏறத்தாழ நம் செட்டிநாட்டு 'ஆச்சி' போலவே அழைக்கிறார்கள். பாட்டிக்கு 'அப்பு'. வீட்டுக்காரம்மா எனக்கு ஆச்சி, அவருடைய தாயார் எனக்கு அப்பு. அப்பத்தா என்று கூப்பிட ஆள் இல்லாத குறை பாதி தீர்ந்தது.

சென்ற மாதம் ஒரு காலையில் ஆச்சியின் சமையலறையிலிருந்து சோறு புளித்த வாசனை வந்தது. உன் பழைய சோற்றுப் பானையைத் திறந்தது போல இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அதற்குப் 'பூரோ' என்று பெயர். ஆறிய சோற்றில் உப்பைப் பிசறி, சுத்தம் செய்த மீனை நடுநடுவே வைத்து, ஜாடியில் அடைத்து ஒரு வாரம் போல விட்டுவிடுகிறார்கள். சோறு குழைந்து புளிக்கும், மீனும் அதோடு சேர்ந்து புளிக்கும். பிறகு பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, இதைப் போட்டுக் கிண்டினால் கூழ் பதத்துக்கு வரும். வேகவைத்த கத்தரிக்காய், பாகற்காய், கடுகுக்கீரை, பொரித்த கெளுத்தி எல்லாவற்றுக்கும் இதுதான் தொடுகறி. அன்று ஜாடியில் இருந்தது விரால். ஆமாம் அப்பத்தா, நம் கண்மாய் விரால்தான். இங்கே கண்டாபா என்றொரு சதுப்பு நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஏறிக் கடல் போல நிற்கும். வற்றிய பிறகு அதே இடத்தில் நெல்லும் தர்ப்பூசணியும் போடுகிறார்கள். மீன் கொட்டிக் கிடக்கும் நாளில் கெடாமல் வைக்க உப்பும் சோறும் துணை. முதல் வாய் எனக்குக் கொஞ்சம் கடினமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாயில் பழகிவிட்டது. இப்போது ஜாடி எப்போது திறப்பார்கள் என்று காத்திருக்கிறேன்.

இந்த ஊர் பெயர் வாங்கியது 'சிசிக்' என்ற பன்றிக்கறியால். பக்கத்தில் கிளார்க் என்ற அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய பன்றித் தலைகளை இங்குள்ளவர்கள் வாங்கிச் சமைத்தார்கள். 1974-இல் ரயில் பாதை ஓரத்தில் கடை வைத்திருந்த லூசியா குனானன் என்ற அம்மாள் அதைச் சுட்டு, பொடியாக நறுக்கி, வெங்காயம் சேர்த்துக் கொடுத்தாராம். அதற்கும் முந்தைய சிசிக் வேறு. 1732-இல் ஒரு பாதிரியார் தொகுத்த அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது: பச்சைப் பப்பாளி அல்லது கொய்யாக்காயில் உப்பு, மிளகு, பூண்டு, காடி சேர்த்துத் தின்பது. நீ மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாயே, அதன் உறவுதான். எனக்கு அந்தப் பழைய சிசிக்தான் பிடிக்கிறது.

வயலில் பிடித்த பிள்ளைப்பூச்சியையும் சிறகு, கால் நீக்கி வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அதை இன்னும் நான் தொடவில்லை. ஆனால் எருமைப்பால் இனிப்பு ஒன்று இருக்கிறது, அது நீ சாப்பிட வேண்டியது. பாலைச் சோளமாவோடு மரக்கரண்டியால் விடாமல் கிண்டுவார்கள். இறுகி வரும்போது மேலே குமிழிகள் மெல்ல எழும்பி எழும்பி அடங்கும். நெஞ்சு துடிப்பது போல இருப்பதால் 'திபோக் திபோக்' என்று பெயர். தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரிந்ததும் அடியில் சிவந்து நிற்கும் கசண்டை மேலே தூவித் தருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பு என்னைப் பாக்கொலோர் என்ற ஊரின் கிறிஸ்தவக் கோயிலுக்கு அழைத்துப் போனார். 1991 ஜூனில் பினதூபோ எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் மலையிலேயே தங்கி, பின்வந்த ஆண்டுகளின் மழையில் சேறாக இறங்கியது. 1995 அக்டோபர் 1 அன்று வந்த சேறு பாக்கொலோரை மூடிவிட்டது. பன்னிரண்டு மீட்டர் உயரக் கோயிலில் பாதி இப்போது மண்ணுக்குள். நாங்கள் வாசல் என்று நுழைந்தது பழைய ஜன்னல். மண்ணில் புதைந்த பலிபீடத்தைத் தோண்டி எடுத்து, உயர்ந்துவிட்ட தரையில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். அப்பு முழந்தாளிட்டு வெகு நேரம் எழவே இல்லை. அவருடைய பிறந்த வீடு அந்த மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

போன வாரம் பக்கத்து ஊரான சான் பெர்னாண்டோவில் கிறிஸ்துமஸ் விளக்குப் போட்டி பார்த்தேன். ஒவ்வொரு விளக்கும் இருபது அடி உயரம், ஆயிரக்கணக்கான பல்புகள், பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறி மலர்கின்றன. பின்னால் போய்ப் பார்த்தால் பெரிய இரும்பு உருளைகள். எரியக்கூடாத இடத்தில் மட்டும் உருளை மேல் டேப் ஒட்டி, மின்கம்பிகளின் முனையில் தலைக்குக் குத்தும் ஹேர்பின்களைப் பொருத்தி உரச விட்டிருக்கிறார்கள். ஆட்கள் கையால் சுற்றச் சுற்ற முன்னால் பூ விரிகிறது. வியர்த்து வழிந்த அந்தக் கைகளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வேலை இருக்கிறது. நீ தந்தனுப்பிய மோர் மிளகாயில் கடைசி நான்கைப் பொரித்துப் பூரோவோடு வைத்தேன். அப்பு 'மன்யாமன்' என்றார். ருசி என்று அர்த்தம். இன்னும் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். என்னோடு படிக்கும் காரைக்குடிப் பெண் ஜனவரி முதல் வாரம் திரும்பி வருகிறாள். அவளிடம் அரைக் கிலோ கொடுத்தனுப்பு. பழைய சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் என்பதையும் தங்கச்சியிடம் சொல்லி எழுதச் சொல். அப்பு கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உன் பேத்தி