டெய்லர் அக்கா மகள் நிற்கிறாள்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம டெய்லர் அக்கா மகள் மாநகராட்சித் தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கப்போகிறாள். சுயேச்சையாக. உன்னிடம் கேரமில் தோற்றுப் போய் ஸ்ட்ரைக்கரைச் சாக்கடையில் எறிந்தாளே, அவளேதான். இன்னும் அதே கோபம், அதே குரல். போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பிளாக் மாடிப்படி பக்கத்தில் கூட்டம் போட்டாள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எடுத்த எடுப்பிலேயே, "ஹவுசிங் போர்டு வீடு கவுன்சிலர் கையில் இல்லை. அது அரசு வாரியம். வீடு வாங்கித் தர்றேன்னு எந்த வேட்பாளர் சொன்னாலும் நம்பாதீங்க, நானே சொன்னாலும்" என்றாள். ஓட்டுக் கேட்க வந்தவள் பேசுகிற பேச்சா இது என்று மீன்கார ஆயா சத்தமாகவே கேட்டுவிட்டது. எனக்கோ, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தர் நம்மை மதித்துப் பேசுகிறார் என்று பட்டது.

அப்புறம் கையிலிருந்த சாவியால் தூணைக் குத்திக் காட்டினாள். பூச்சு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே கம்பி துருவேறி உப்பியிருக்கிறது. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் இருந்த பிளாக் அப்படியே சரிந்ததே, நினைவிருக்கிறதா? விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்பே வெளியே வந்ததால்தான் உயிர் பிழைத்தார்கள். ஒவ்வொரு பிளாக்கையும் பொறியாளரை வைத்துச் சோதித்து, முடிவை மாடிப்படிச் சுவரிலேயே ஒட்ட வேண்டும் என்கிறாள். அதைக் கேட்டு வாங்க ஒரு கவுன்சிலரால் முடியும்.

இடித்துக் கட்டினால் எங்கே போவது? கருணைத் தொகையாக 24,000 ரூபாய் தருகிறார்கள். இங்கே ஒரு ரூம் வாடகை ஏழாயிரம், அட்வான்ஸ் தனி. மூன்று மாதத்தில் காசு தீர்ந்துவிடும், கட்டி முடிக்க இரண்டு வருஷத்துக்குக் குறையாது. மீதி மாதங்களுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. காலி செய்யும் முன்பே, யாருக்கு எந்த வீடு, எப்போது திரும்ப வரலாம் என்பதெல்லாம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும், அதுவரை ஒருத்தரும் சாமானை இறக்கக் கூடாது என்றாள். அதுவும் இதே இடத்தில். உன்னைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய மாதிரி இருபத்தைந்து கிலோமீட்டர் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா!

வளர்ச்சி விஷயத்தில்தான் எனக்கும் அவளுக்கும் கொஞ்சம் முட்டிக்கொண்டது. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது 2021ல். அதன்பிறகு 2024ல் வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று நாலாயிரம் கோடிக்கு மேல் அறிவித்தார்கள். இத்தனை காலம் குப்பைக்குக் கொடுங்கையூர், புகைக்கு எண்ணூர் என்று ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்கு இப்போதாவது காசு வருகிறதே, அதிலும் குறை சொல்லலாமா என்றேன். "யாரு வேணாம்னா? மெட்ரோ பக்கத்துல வாடகை ஏறுது. வாடகைக்கு இருக்கறவனும் அந்த ரயில்ல ஏறணும், அவனை ஊரை விட்டு ஏத்தக் கூடாது" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சொந்த வீட்டுக்காரன் நான்; அவள் அம்மா தையல் மெஷினோடு வாடகை வீடு வாடகை வீடாக மாறியதை நாம் பார்த்தவர்கள்தானே.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் கேமரா, போலீஸ் பூத் என்றார்கள். அவள் ஒரு நோட்டைப் பிரித்தாள். அடிபம்பிலிருந்து ரேஷன் கடை வரை எந்தக் கம்பத்தில் விளக்கு எரிவதில்லை என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறாள். தெருவிளக்கு மாநகராட்சியுடையது, 1913க்கு அடித்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள் என்று நம்ம வீட்டுப் பெண்களையே அங்கேயே அடிக்க வைத்தாள். பையன்களை முகவரி கேட்டே போலீஸ்காரர்கள் ஓரங்கட்டி நிற்க வைக்கிறார்களே, அவர்களுக்கும் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் மகன் வேலைக்குப் போட்ட விண்ணப்பத்தில் அவன் பெரியப்பாவின் அண்ணா நகர் முகவரியைத்தான் எழுதினான். நம்ம தெருப் பேரை எழுதினால் கூப்பிட மாட்டார்களாம்.

ஜெயிப்பாளா என்று கேட்டால் தெரியாது. பணமில்லை, கொடி இல்லை. 2016லிருந்து 2022 வரை சென்னைக்குக் கவுன்சிலரே இல்லாமல் அதிகாரிகளே ஓட்டினார்கள். அதனால் கவுன்சிலர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று ஜனங்களுக்கு விட்டுப்போய்விட்டது. அதைத்தான் இவள் உடைக்க வேண்டும். நான் அவளோடு வீடு வீடாகப் போகப்போகிறேன்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வந்து பெரும்பாக்கம் போன கதையை உன் வாயால் சொல்ல வேண்டுமாம், அவளே கேட்டாள். முதல் வருஷம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு என்ன பாடுபட்டார்கள், எட்டு மாடியில் லிஃப்ட் நின்றால் அம்மாவை எப்படி இறக்குகிறாய், அம்மா மறுபடி வீட்டு வேலை பிடிக்க எவ்வளவு காலமானது எல்லாவற்றையும் சொல். நீ சொன்னால்தான் மீன்கார ஆயா கேட்கும். சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடு, நம்ம வீட்டில் படுத்துக்கொள்ளலாம். வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

உன்,
மச்சான்