பட்டியல் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

அவசர சிகிச்சைப் பிரிவிலேயே நோயாளியின் மருந்து விவரத்தைக் கணினியில் பார்க்கும் வசதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வசதி வேண்டும்தான். ஆனால் பட்டியல் திரையில் வந்ததுமே வேலை முடிந்துவிடுவதுபோல் கட்டுரை பேசுகிறது. மருத்துவமனை மருந்தாளுநராக இருப்பதால் எனக்கு அது உறுத்துகிறது.

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவருக்கோ பேச்சு வராது. கூட வந்தவரைக் கேட்டால், "ஹார்ட்டுக்கு ஏதோ சின்ன மாத்திரை சாப்பிடுவார்" என்பார். அது ஆஸ்பிரின் என்றால் பெரும்பாலும் ஊசிக்குத் தடையில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் என்றால், மூளையில் ரத்தம் கசிந்துவிடுமோ என்று யோசிக்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் பழைய மருந்தான வார்ஃபரினையாவது, ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை காட்டிக்கொடுக்கும். அபிக்சபான் உடம்பில் இருக்கும்போதே அந்தப் பரிசோதனை இயல்பாக வந்து ஏமாற்றிவிடலாம். இந்த இடத்தில் கணினிப் பதிவு உண்மையிலேயே கைகொடுக்கும்.

2005இல் அமெரிக்காவில் கத்ரீனா சூறாவளியில் காகிதக் கோப்புகள் வெள்ளத்தோடு போனபோது, மருந்துக்கடைகளின் கணினிப் பதிவுகளைத் திரட்டித்தான் இடம்பெயர்ந்தவர்களின் மருந்து விவரத்தை மருத்துவர்களுக்குக் கொடுத்தார்கள்.

சரி, பிரச்சினை எங்கே? மருத்துவர் எழுதியதெல்லாம் வாங்கப்படுவதில்லை. வாங்கியதெல்லாம் வயிற்றுக்குள் போவதுமில்லை. தலைசுற்றுகிறது என்று தானே நிறுத்திய ரத்த அழுத்த மாத்திரை பட்டியலில் அப்படியே இருக்கும். மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்கிய வலிமாத்திரை இருக்காது. அதனால் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே, கடைசியாக எப்போது, எத்தனை நாளுக்கு வாங்கினார் என்பது வர வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் முப்பது நாளுக்கு வாங்கியதும் நேற்று வாங்கியதும் ஒரே மாதிரி தெரிந்தால் ஆபத்து.

அந்தரங்கம் பறிபோகும் என்ற பயமும் நியாயமானதே. மனநல மாத்திரையோ எச்.ஐ.வி. மாத்திரையோ எல்லோர் கண்ணிலும் படக் கூடாது. நினைவில்லாதவரிடம் சம்மதம் கேட்க முடியாதுதான். அப்போது திறப்பவர் காரணத்தைப் பதிந்துவிட்டுத் திறக்கட்டும். எஸ்டோனியாவில் தன் பதிவை யார் பார்த்தார் என்பதை நோயாளியே பார்க்கலாம். அதை எங்கும் கட்டாயமாக்கலாம்.

எவ்வளவு நல்ல கணினியாக இருந்தாலும், கடைசி மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினார் என்று சொல்லாது. வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். மாத்திரை அட்டை கையில் கிடைத்தாலும், பெயர் அச்சடித்த பாதியைக் கிழித்து எறிந்திருப்பார்கள்! எத்தனை குழி காலி என்று எண்ணி, வீட்டுக்கு போன் போட்டு, பட்டியலோடு ஒத்துப்பார்க்க ஓர் ஆள் வேண்டும், இரவுப் பணியிலும். கட்டுரையில் மென்பொருளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்த ஆளுக்கு ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்