கியோகோ எடுத்துக்கொண்ட ஏழு ஆண்டுகள்

அன்புள்ள யாழினிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, ‘மேஸோன் இக்கோகு’ என்ற ஜப்பானிய மங்கா படக்கதையைப் பற்றி உனக்கும் உன் தோழிகளுக்கும் நடந்த வாக்குவாதத்தைச் சொல்லி, என் கருத்தைக் கேட்டாய். ஒருத்தி கதை இழுத்துக்கொண்டே போகிறது என்று ஏழாம் தொகுதியோடு நிறுத்திவிட்டாள் என்றும், இன்னொருத்தி கதாநாயகன் கோதாய்க்கு முதுகெலும்பே இல்லை என்கிறாள் என்றும் சொன்னாய். பதினாறு வயதில் நீ உயிராக நேசித்த கதையை இந்த இருபத்தொன்பது வயதில் மறுபடியும் படித்துவிட்டு, இரண்டு ஆண்களைக் காத்திருக்க வைத்த கதாநாயகி கியோகோ தன்னலக்காரி என்ற முடிவுக்கு நீ வந்திருக்கிறாய். அன்று அடுப்பில் வேலையாக இருந்ததால் எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். நீ விட்டுச் சென்ற பதினைந்து தொகுதிகளையும் இரண்டு மாதங்களாக மதிய வேளைகளில் உட்கார்ந்து படித்து முடித்தவள் என்ற உரிமையோடு இப்போது எழுதுகிறேன்.

முதலில் நீளத்தைப் பற்றிச் சொல்கிறேன். ருமிகோ தகாஹாஷி இக்கதையை 1980-ஆம் ஆண்டில், ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ என்ற இதழ் தொடங்கியபோதே தொடங்கி, 1987-ஆம் ஆண்டில் முடித்தார். தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. அதே ஆண்டுகளில் சிறுவர் இதழ் ஒன்றில் ‘உருசேய் யாட்சுரா’வையும் அவர் வரைந்துகொண்டிருந்தார். அந்தக் கதையில் எத்தனை கோடை வந்து போனாலும் பிள்ளைகள் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். முப்பத்து நான்கு தொகுதிகள் முடிந்த பிறகும் கதாநாயகன் தன் காதலை வாய்விட்டுச் சொல்லாமலேயே கதை நின்றுவிடுகிறது. இதற்குப் பிறகு அவர் தொடங்கிய ‘ரன்மா’ முப்பத்தெட்டுத் தொகுதிகள் ஓடியும் கல்யாணம் முடியவில்லை. அவற்றில் நீளம் என்பது விளையாட்டின் நீளம். ‘மேஸோன் இக்கோகு’வில் மட்டும்தான் நாள்காட்டி நகர்கிறது. கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்றுவிட்டு மறுபடி எழுதக் காத்திருக்கும் கோதாய், கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து, வேலை தருவதாகச் சொன்ன நிறுவனம் திவாலாகி, வேலையில்லாமல் திண்டாடி, கடைசியில் குழந்தைகள் காப்பக ஆசிரியராகத் தகுதி பெறுகிறான். 1980-இல் அவனைப் போலவே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு வாசகன், கதை முடியும்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருப்பான். அந்த வாசகனுக்கும் கியோகோவுக்கும் ஒரே வேகத்தில் வயது ஏறியது. ஒரே வாரத்தில் பதினைந்து தொகுதிகளையும் படித்துவிட்டு, இழுத்துவிட்டார் என்று சொல்வது அந்த ஆசிரியைக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆனால் உன் தோழி சொல்வதில் ஒரு பகுதியை நான் மறுக்கமாட்டேன். நடுத் தொகுதிகளில் தவறான புரிதல்கள் அளவுக்கு மிஞ்சிப் போகின்றன. கியோகோ மேலாளராக இருக்க, கோதாய் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கும் அந்தப் பழைய மரக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு தொலைபேசிதான் இருக்கிறது; கோதாய்க்கு வரும் அழைப்பை யாராவது ஒருவர் எடுத்து, பாதியைக் கேட்டு, கால்வாசியைச் சொல்கிறார். அந்தக் கால வாழ்க்கை அப்படித்தான் இருந்தது என்பதால் முதலில் சிரித்துக்கொண்டே படித்தேன். எட்டாவது, ஒன்பதாவது முறையாக அதே தந்திரம் வரும்போது பக்கத்தை வேகமாகத் திருப்பினேன். நான்காம் அறை யோத்சுயா சுவரை இடித்துக்கொண்டு கோதாயின் ஐந்தாம் அறைக்குள் நுழைவதும், படிக்க வேண்டிய பிள்ளையின் அறையில் எல்லோரும் கூடிக் குடிப்பதும் உனக்கு வேடிக்கை. எனக்கு, ஒரு தாயாக, கோபமே வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான இச்சினோசே அம்மாளை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். கையில் விசிறியோடு ஆடுகிற, எப்போதும் குடிக்கிற அந்த அம்மாள்தான், கியோகோவிடம் பேச வேண்டியதைப் பேச வேண்டிய நேரத்தில் பேசுகிறாள்.

அடுத்தது கோதாய். உன் பழைய தொகுதிகளின் ஓரத்தில் பென்சிலால் ‘கோதாய் பாவம்’ என்று பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறாய், நினைவிருக்கிறதா? எண்ணிப் பார்த்தேன், பதினோரு இடங்கள். கோஸுவேக்காக ஓர் இடத்தில்கூட நீ எழுதவில்லை. என் கோபமெல்லாம் அந்தப் பெண்ணுக்காகத்தான். பகுதி நேர வேலை பார்த்த இடத்தில் பழகிய அந்த நல்ல பெண்ணிடம், நான் வேறு ஒருவரை விரும்புகிறேன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல அவனுக்கு ஆண்டுக்கணக்கில் வாய் வரவில்லை. அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் தாய் பரிமாறிய சோற்றைச் சாப்பிடுகிறான், அவள் பின்னிக் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறான், அவளாகவே வேறொருவரை மணந்து நகோயாவுக்குப் போகும்வரை அவனால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அவன் கெட்டவன் இல்லை. பிறர் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவன்தான். ஆனால் அந்த நினைப்பே ஒரு பெண்ணின் இளமையில் பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. ஆசிரியை அவளை மகிழ்ச்சியாக அனுப்பிவைத்ததால் நாம் மறந்துவிடுகிறோம். முதுகெலும்பு இல்லை என்று உன் தோழி சொல்வது இந்த ஓர் இடத்துக்கு முழுவதும் பொருந்தும்.

இப்போது கியோகோ. யாழினி, உன்னுடைய வாதத்தை நான் கவனமாகவே கேட்டேன். அவளை விரும்பும் இன்னொருவரான மிதாகா பணமும் பண்பும் உள்ளவர், திருமணம் செய்துகொள்ள விரும்புவதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். நாயைக் கண்டால் நடுங்குகிறவர், அவளுக்காகத் தானே ஒரு நாயை வளர்த்து அந்தப் பயத்தை வெல்கிறார். அவளோ அவருக்கு ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. கோதாய் இன்னொரு பெண்ணோடு நடந்து போனால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பெருக்குகிறாள். உரிமை கொடுக்காமல் உரிமை எடுத்துக்கொள்கிறாள் என்றாய். உண்மைதான். ஆனால் அவள் யார் என்பதை நீ வாதத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பள்ளி முடித்த கையோடு, தன் பள்ளியிலேயே பாடம் நடத்தியவரை, பெற்றோர் எதிர்ப்பை மீறி மணந்தவள். ஓராண்டு முடியும் முன்பே அவரை இழந்தவள். கதை தொடங்கும்போது அவளுக்கு இருபது வயதை ஒட்டிய பருவம். மாமனாருக்குச் சொந்தமான கட்டடத்துக்கு மேலாளராக வரும்போது அவளோடு வருவது ஒரு வெள்ளை நாய்; அந்த நாயை அவள் அழைப்பது இறந்துபோன கணவனின் பெயரால். ஒரு நாளைக்குப் பத்து முறை சோயிச்சிரோ என்று வாய்விட்டுக் கூப்பிட அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. அந்தச் சோயிச்சிரோவின் முகத்தைப் பதினைந்து தொகுதிகளிலும் ஆசிரியை ஒரு முறைகூட நமக்குக் காட்டுவதில்லை என்பதைக் கவனித்திருப்பாய். எங்கே வந்தாலும் முகம் நிழலாகவே இருக்கிறது. கோதாய்க்கு அவர் எப்படி இருப்பாரோ அப்படியே நமக்கும் இருக்கிறார்.

மறுமணம் செய்துகொள் என்று அவளிடம் பலரும் சொல்கிறார்கள். தாய் சொல்கிறாள், மாமனாரே சொல்கிறார். அவளைப் பெரிதாக யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் அவள் தாமதம் உனக்குப் பிடிவாதமாகத் தெரிகிறது. யாகாமி என்ற பள்ளிப் பெண் நேருக்கு நேராக அவளைக் கோழை என்கிறாளே, அந்த இடத்தை மட்டும் நான் மூன்று முறை படித்தேன். கோதாய் பயிற்சி ஆசிரியராகப் போன பள்ளி, கியோகோ படித்த அதே பள்ளி. ஆசிரியரை விரும்பும் யாகாமி, பழைய கியோகோவே. அந்த வயதுக் கியோகோ வந்து இந்த வயதுக் கியோகோவைக் கோழை என்கிறாள். கியோகோவுக்கு இருக்கும் பயம், இன்னொருவரை விரும்பிவிட்டால் முதலில் விரும்பியது பொய்யாகிவிடுமோ என்பதுதான். அந்தப் பயத்தோடு இருக்கும் ஒருத்தி மிதாகாவிடம் இல்லை என்று சொல்வதுகூட எளிதல்ல, ஏனென்றால் ஏன் இல்லை என்று தனக்குத்தானே பதில் சொல்ல வேண்டிவரும்.

உன் சின்ன அத்தையைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றை இந்த இடத்தில் எழுதுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வாழவந்த இரண்டாம் ஆண்டில், இருபத்து நான்கு வயதில், அத்தை தன் முதல் கணவரை இழந்து இங்கே திரும்பி வந்தார். இறந்த கணவருடைய ஸ்கூட்டர் கிணற்றடியில் நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, மறுபடியும் கோணி போட்டு மூடுவார். விற்றுவிடலாம் என்று உன் தாத்தா ஒரு முறை சொன்னார். அதன் பிறகு சொல்லவில்லை. முதல் ஆண்டில் அத்தை யாரோடாவது சிரித்துப் பேசினால், இவளுக்கு அதற்குள் சிரிப்பு வருகிறதா என்று கேட்ட அதே தெரு, ஐந்தாம் ஆண்டில், இப்படியே எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள் என்று கேட்டது. அலுவலகத்தில் உடன் வேலை பார்த்தவர் ஒருவர் பெண் கேட்டு வந்தார். அத்தை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உண்மையை எழுதுவதானால், அன்று நானும் உன்னைப் போலவேதான் நினைத்தேன். ஒரு நல்ல மனிதரை ஏன் இப்படி அலைக்கழிக்கிறார் என்று உன் அப்பாவிடம் குறைபட்டிருக்கிறேன். இன்று நீ மாமா என்று அழைப்பவர்தான் அவர். எட்டாம் ஆண்டில் கல்யாணம் முடிந்து அத்தையை அழைத்துப் போக வந்தபோது, கிணற்றடிக்குப் போய் அந்த ஸ்கூட்டரின் கோணியை எடுத்துவிட்டு, இதையும் கொண்டுபோகலாமா என்று அத்தையிடம் கேட்டார். பழுதுபார்த்து, அது உருளாமல் போகும்வரை அதில்தான் வேலைக்குப் போனார்.

பதினைந்தாம் தொகுதியில் கோதாய், சோயிச்சிரோவின் கல்லறை முன் தனியாக நின்று, உங்களையும் சேர்த்தே அவளை ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசுகிறான், அதைக் கியோகோ மறைவில் நின்று கேட்கிறாள் அல்லவா, அந்தப் பக்கத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. கோதாய்மீது எனக்கு இருந்த கோபம் அங்கே பெரிதும் தணிந்துவிட்டது. கோஸுவேயிடம் ஒரு வாக்கியம் சொல்லத் தெரியாதவன், இறந்தவரிடம் அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள அவனுக்கும் இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன. இரண்டாம் தொகுதியிலோ ஐந்தாம் தொகுதியிலோ அவன் இதைச் சொல்லியிருக்க முடியாது. அப்போது அவன் அவளை விரும்பினான், ஆனால் சோயிச்சிரோவை ஒரு போட்டியாளராகவே பார்த்தான். திருமணத்துக்குச் சம்மதிக்கும்போது கியோகோ அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று, என்னைவிட ஒரு நாளாவது கூடுதலாக வாழ வேண்டும் என்பது. அதைப் படித்த பிறகும் அவள் தன்னலக்காரிதான் என்று நீ சொன்னால் நான் வாதாடமாட்டேன், ஆனால் அந்த ஒரு நாளைக் கேட்க அவளுக்குக் காரணம் இருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்.

மிதாகாவுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற உன் கருத்தில் எனக்கு அரை மனம்தான். வீட்டார் அவருக்குப் பார்த்த பெண்ணான அசுனாவின் நாய் கர்ப்பமானதை, அசுனாவே கர்ப்பமானதாக எண்ணி அவர் அவளிடம் திருமணப் பேச்சை எடுப்பதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், பிறகு பல ஆண்டு காத்திருந்தவரை இப்படியா ஒதுக்குவது என்று வருத்தமாகவும் இருந்தது. அசுனா நல்ல பெண் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

உன் தோழியிடம், ஏழாம் தொகுதியோடு நிறுத்தியதைத் தவறு என்று சொல்லாதே. விருப்பமில்லாத கதையை யாரும் கட்டாயத்துக்காகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் பதினான்கையும் பதினைந்தையும் மட்டுமாவது அவள் கையில் கொடுத்துப் பார். அந்தக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் ஓடாத கடிகாரத்தையும் முதல் தொகுதியில் ஒரு முறை பார்த்துக்கொள்ளச் சொல். கடைசிப் பக்கத்தில் குழந்தையோடு அவர்கள் அதே வாசலுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

நீ கேட்டபடி உன் தொகுதிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பத்தான் இருந்தேன். போன வாரம் அத்தை வந்திருந்தபோது மேசைமேல் கிடந்ததை எடுத்துப் புரட்டிவிட்டு, முதல் ஐந்து தொகுதிகளைப் படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கொண்டுபோனார். நேற்று ஆளனுப்பி அடுத்த ஐந்தைக் கேட்டிருக்கிறார். எப்படி இருக்கிறது என்று நான் இன்னும் கேட்கவில்லை. எல்லாம் திரும்பி வந்த பிறகு அனுப்பிவைக்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா